வேலியின் நீளமும் விளைநிலத்தின் பரப்பும்



இருபது முழ நீளமான கயிறு ஒன்று நம்மிடம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதனை நிலத்திற் பரப்பி, நான்கு மூலையும் செம்மையாக அமைந்த ஒரு செவ்வகமாக்குவோம். நீளம் ஒன்பது முழமும் அகலம் ஒரு முழமும் ஆயின், உள்ளே அகப்படும் நிலம் ஒன்பது சதுர முழம். நீளம் ஏழும் அகலம் மூன்றும் ஆயின் இருபத்தொன்று. நீளமும் அகலமும் ஐந்தைந்தாயின் இருபத்தைந்து. கயிறு ஒன்றே, நிலமோ வெவ்வேறு. மிகப் பெரிய நிலம் எது, அதுவே மிகப் பெரியது என்பதற்குச் சான்று யாது என்ற வினா, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கணித அறிஞரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. இருபடிச் சார்பின் உயர் பெறுமானம் என்று இன்று பாடசாலைகளிற் கற்பிக்கப்படுவது இவ்வினாவின் விடையே.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கி. மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், நகரங்களின் பருமனை மக்கள் சுற்றளவைக் கொண்டே மதிப்பிடுவதைக் கண்டு வருந்தினார். அவர் பிறந்த ஊராகிய மெகலோபொலிஸின் சுற்றளவு 50 ஸ்டேடியம். ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48 ஸ்டேடியம். ஆயினும் ஸ்பார்ட்டாவே இருமடங்கு பெரியது என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை என்று அவர் எழுதினார். கி. பி. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் விளங்கிய புரொக்கிளஸ் என்னும் அறிஞர் இதனினும் கசப்பான செய்தியொன்றைக் கூறுகிறார். நிலம் பங்கிடும்போது சிலர் சுற்றளவு கூடிய துண்டைப் பங்காளிக்குக் கொடுத்துவிட்டு, சுற்றளவு குறைந்ததும் பரப்பு மிகுந்ததுமான துண்டைத் தாம் எடுத்துக்கொண்டனராம். ஏமாற்றப்பட்டவர் அதனை அறியவில்லை. ஏமாற்றியவருக்கோ நேர்மையாளர் என்ற பெயரும் கிடைத்தது. கணக்கறியாமை ஒருவருடைய சோற்றையே பறிக்கவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வறியாமைக்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. கி. மு. 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த யூக்கிளிட், தமது 'மூலகங்கள்' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் ஐந்தாவது தேற்றமாக அதனை வைத்திருந்தார். ஒரு கோட்டை நடுவிலும் வேறோரிடத்திலும் வெட்டுக. சமமற்ற இரு துண்டுகளால் அமையும் செவ்வகத்துடன், இரு வெட்டுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டினால், பாதிக் கோட்டின் வர்க்கம் வரும் என்பதே அத்தேற்றம்.

நமது கயிற்றிலேயே இதனைச் சோதிக்கலாம். ஏழும் மூன்றும் பெருக்க இருபத்தொன்று. ஏழு, நடுவாகிய ஐந்திலிருந்து இரண்டு விலகியுள்ளது. இரண்டின் வர்க்கம் நான்கு. இருபத்தொன்றும் நான்கும் இருபத்தைந்து. ஒன்பதும் ஒன்றும் பெருக்க ஒன்பது. விலகல் நான்கு, அதன் வர்க்கம் பதினாறு. கூட்டினால் மீண்டும் இருபத்தைந்து. ஆகவே, நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அதன் வர்க்கம் அளவான நிலத்தை நாம் இழக்கிறோம். விலகலே இல்லாதபோது இழப்பும் இல்லை. ஆதலால் இருபத்தைந்தே உச்சம். அதே நூலின் ஆறாம் பகுதியில் இருபத்தேழாவது தேற்றம் இதனை இணைகரங்களுக்கும் விரித்துரைக்கிறது.

இவ்வுச்சம் ஓர் எல்லைக்கல்லும் ஆகும். இதனைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர், 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி. அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே அவருடைய நூலின் தலைப்பிலிருந்து வந்ததாகும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு இருபத்தொன்றைக் கூட்டினால் அவ்வெண்ணின் பத்து மடங்கு வரும். அவ்வெண் யாது என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. பத்தை இரண்டாகப் பிரித்து, பெருக்கம் இருபத்தொன்று வரச் செய்க என்பதும் இதுவும் ஒன்றே. பத்திற் பாதி ஐந்து. அதன் வர்க்கம் இருபத்தைந்து. இருபத்தொன்றைக் கழிக்க நான்கு. அதன் வர்க்கமூலம் இரண்டு. எனவே விடை மூன்று அல்லது ஏழு. பாதியின் வர்க்கத்திலும் கொடுத்த எண் பெரிதாயின் கணக்குக்கு விடையில்லை என்றும் அவர் விதித்தார்.

ஏழு நூற்றாண்டுகளின் பின் ஒருவர் அவ்வெல்லையைத் தாண்டிப் பார்த்தார். அவர் இத்தாலிய மருத்துவரும் கணித வல்லுநருமான கார்டானோ. 1545ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில், பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கம் நாற்பது வரச் செய்யவேண்டும் என்று கேட்டார். உச்சமே இருபத்தைந்தாக இருக்க, நாற்பது எங்ஙனம் வரும்? ஆயினும் அவர் பழைய விதியையே பின்பற்றினார். இருபத்தைந்திலிருந்து நாற்பதைக் கழிக்க மறை பதினைந்து. அதன் வர்க்கமூலத்தை ஐந்துடன் கூட்டியும், ஐந்திலிருந்து கழித்தும் இரு விடைகளை எழுதினார். பெருக்கிப் பார்த்தால் நாற்பதே வந்தது! நுட்பமானதாயினும் பயனற்றது என்று அவரே அதனை ஒதுக்கினார். ஆனால் 1572இல் பொம்பெல்லி என்பவர் அத்தகைய எண்களுக்கு முறையான விதிகளை வகுத்தார். அவையே சிக்கலெண்கள் ஆயின. ஆடலோட்ட மின்னைக் கணிக்கும் பொறியியலாளருக்கு இன்று அவை இன்றியமையாதவை.

எல்லைக்கு அப்பால் ஒருவர் நோக்க, எல்லையின் உச்சியையே உற்று நோக்கினார் மற்றொருவர். அவர் பிரான்சின் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் ஆலோசகராகப் பணியாற்றிய பேர்மா. 1630ஆம் ஆண்டுகளில் அறிஞரிடையே உலவிய அவருடைய கையெழுத்துக் குறிப்பில், ஒரு கோட்டை இரண்டாக வெட்டிப் பெருஞ் செவ்வகம் பெறுதலே எடுத்துக்காட்டாக அமைந்தது. மலையுச்சியை அடைந்தவன் ஓரடி எடுத்து வைத்தாலும் உயரம் பெரிதும் மாறுவதில்லை. அதுபோல, உச்சத்தில் ஒரு துண்டைச் சிறிதளவு கூட்டினும் பெருக்கம் மாறாததுபோலவே இருக்கும். ஆகவே இரு பெருக்கங்களையும் சமமென்று எழுதி, பொதுவானவற்றை நீக்கி, அச்சிறு கூடுதலால் வகுத்தார். நமது கணக்கில், ஒரு துண்டின் இருமடங்குடன் அச்சிறு கூடுதலையும் சேர்த்தாற் பத்து என்று வந்தது. பின் அக்கூடுதலையும் விட்டுவிட்டார். துண்டு ஐந்து என்ற பழைய விடையே கிடைத்தது. விடை பழையது, வழியோ புதியது. வர்க்கத்தை மட்டுமன்றி வேறு சார்புகளையும் அவ்வழி ஆராயவல்லதாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிட்ஸும் எழுப்பிய நுண்கணித மாளிகைக்கு இது ஒரு படிக்கல்லாகும்.

பங்காளியின் வஞ்சனையைத் தடுக்கவும், ஆகும் கணக்கையும் ஆகாத கணக்கையும் பிரித்தறியவும், புதிய எண்களைத் தோற்றுவிக்கவும் உதவியது அந்த ஒரே இருபத்தைந்து. நிறைவர்க்கமாக்கி உயர் பெறுமானம் காணும் மாணவன், அதனைத் தேர்வுக்குரிய சூத்திரமாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. ஒரு முழக் கயிறும் கூடாமல், ஒருவருக்கு உரிய நிலம் எவ்வளவு குறையக்கூடும் என்பதை அவன் அறிந்துகொள்கிறான். அவ்வறிவு உடையவனை வேலியின் நீளத்தைக் காட்டி எவரும் ஏமாற்ற இயலாது.