ஆறு பொம்பாக்கள்

1938 செப்டம்பர் 15 அன்று ஜெர்மன் ராணுவம் தன் குறியாக்க இயந்திரமான எனிக்மாவை இயக்கும் விதிகளில் ஒன்றை மாற்றியது. வார்சாவில் போலந்து சைபர் பிரிவு அரும்பாடுபட்டுத் தயாரித்த அட்டைப் பட்டியல் அன்றே குப்பையானது. எனிக்மாவின் சக்கரங்களுக்கான 1,05,456 நிலைகளைக் கொண்ட பட்டியல் அது. முந்தைய ஆண்டு ஜெர்மானியர் இயந்திரத்தின் ஒரு பாகத்தை மாற்றியபோதே அதை முதலிலிருந்து எழுத வேண்டி வந்தது. இப்போது இரண்டாவது அடி.

அங்கே வேலை பார்த்த மரியன் ரெயெவ்ஸ்கி, யெஜி ருஜித்ஸ்கி, ஹென்ரிக் ஜிகல்ஸ்கி மூவரும் போஸ்னானில் கணிதம் படித்தவர்கள். எனிக்மாவின் உள்கம்பி இணைப்பை ரெயெவ்ஸ்கி 1932 இறுதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். பிரெஞ்சு உளவுத்துறை தந்த சில தாள்கள் உதவின, மற்றதெல்லாம் கணிதம். ஆகவே இயந்திரம் தெரியும், அன்றன்றைய அமைப்பு, அதாவது சாவிதான் தெரியாது.

ஜெர்மானியரிடம் ஒரு பழக்கம் மட்டும் மாறாமல் இருந்தது. செய்தி அனுப்புபவர் மூன்றெழுத்துச் சாவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை இரண்டு முறை குறியாக்கி அனுப்புவார். வானொலியில் எழுத்து தவறினால் சரிபார்க்கலாம் என்ற முன்ஜாக்கிரதை. அதனால் முதல் எழுத்தும் நான்காவது எழுத்தும் ஒரே மூல எழுத்திலிருந்து வந்தவை. எப்போதாவது அவை இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஒரே எழுத்து இப்படித் திரும்ப வரும் மூன்று செய்திகள் ஒரு நாளில் கிடைத்தால், அன்றைய அமைப்பைத் தேட அவை போதும் என்று ரெயெவ்ஸ்கி கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கிலிருந்து சில வாரங்களில் பிறந்ததுதான் பொம்பா என்ற தேடும் இயந்திரம். வார்சாவின் ஆவா வானொலி நிறுவனம் அதைச் செய்தது. ஒரு பொம்பாவுக்குள் ஆறு எனிக்மாக்களின் சக்கரங்கள் மூன்று இணைகளாக இருக்கும். இணைக்கு ஒரு செய்தி. மோட்டார் எல்லாவற்றையும் ஒரே சீராகச் சுழற்றும். மூன்று இணைகளிலும் ஒரே நேரத்தில் எழுத்துகள் பொருந்தினால் இயந்திரம் தானே நின்றுவிடும். மூன்று சக்கரங்களுக்கு 17,576 நிலைகள். அவற்றைச் சுற்றி முடிக்கச் சுமார் இரண்டு மணி நேரம்.

மூன்று சக்கரங்களை ஆறு வரிசைகளில் மாட்டலாம். எனவே வரிசைக்கு ஒன்றாக ஆறு பொம்பாக்கள் செய்து, அருகருகே ஓடவிட்டார்கள். இன்று நிரல் எழுதுபவர் மல்டித்ரெட்டிங் என்ற பெயரில் செய்வது இதைத்தான்: ஒன்றையொன்று கேட்காமல் நடக்கக்கூடிய தேடல்களைப் பங்கு பிரித்துக் கொடுப்பது.

ஆனால் வேகத்தின் ரகசியம் இந்த ஆறில் இல்லை என்பது என் எண்ணம். எனிக்மாவின் முன்புறத்தில் எழுத்துகளை இரண்டிரண்டாக மாற்றும் பிளக் பலகை உண்டு. ஆறு கம்பிகளுக்கே பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட அமைப்புகள். அதையும் சேர்த்துத் தேடியிருந்தால் ஆறல்ல, ஆறாயிரம் இயந்திரங்களும் பயன்படா. திரும்ப வரும் எழுத்து பிளக்கில் சிக்காத எழுத்து என்று ரெயெவ்ஸ்கி வைத்துக்கொண்டார். ஏறத்தாழ பாதி நேரம் பலிக்கக்கூடிய பந்தயம் அது. பலித்தால் அத்தனை கோடியும் கணக்கிலிருந்து ஒரேயடியாக விழுந்துவிடும்.

1938 டிசம்பர் 15 அன்று சக்கரங்கள் மூன்றிலிருந்து ஐந்தாயின. ஐந்தில் மூன்றை எடுத்து மாட்ட 60 வழிகள். 60 பொம்பாக்களுக்கு எங்கே போவது? மேலும் 54 செய்ய, கருவிகளுக்கென சைபர் பிரிவுக்கு இருந்த ஆண்டு நிதியைப் போல் பதினைந்து மடங்கு வேண்டும். ஜனவரியில் பிளக் கம்பிகளும் கூடின. பந்தயம் பலிக்கும் வாய்ப்பு குறைந்தது. 1939 ஜூலை இறுதியில், வார்சாவுக்கு அருகே பிரியில், போலந்துக்காரர்கள் தங்களிடமிருந்த அனைத்தையும் பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் காட்டிவிட்டார்கள்.

பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் பொம்பாவை அப்படியே பெரிதாக்கவில்லை. சாவியை இரண்டு முறை அனுப்பும் பழக்கம் என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடலாம். 1940 மே மாதம் பெரும்பாலும் நின்றும்விட்டது. அவர் செய்தியில் இருக்கக்கூடிய சொற்களை ஊகித்து, அந்த ஊகத்துக்கு முரண்படும் நிலைகளைக் கழித்துக்கட்டும் இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் பொறியாளர் ஹெரால்ட் கீன் அதைக் கட்டினார். விக்டரி என்ற முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. பொய்யான நிறுத்தங்கள் அதில் ஏராளம். பிளக் பலகையில் ஏ பி ஆனால் பி ஏ ஆகத்தான் வேண்டும் என்ற எளிய உண்மையை டூரிங்கின் சகா கார்டன் வெல்ச்மன் கம்பிகளாக்கி ஒரு பலகையில் பொருத்தித் தந்தார். ஆகஸ்டில் அந்தப் பலகையோடு அடுத்த இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். போர் முடிவதற்குள் இருநூறைத் தாண்டியது.