திருவனந்தபுரத்தில் தருக்கக் கல்வி

ஒரு வாதம் எதைப் பற்றியது என்பதை ஒதுக்கிவைத்து, அதன் அமைப்பு மட்டும் செல்லுமா என்று சோதிக்கும் கல்வி வடிவத் தருக்கம். அளவை, ஏரணம் என்றும் தமிழில் வழங்கும் இத்துறை திருவனந்தபுரத்துக்கு இரு வழிகளில் வந்தது. சாலை எனப்பட்ட பழைய கல்விக்கூடங்களிலும் மடங்களிலும் வளர்ந்த இந்திய அளவை மரபு ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்லூரியோடு வந்த அரிஸ்டாட்டிலின் மரபு மற்றொன்று.

நகரின் வலியசாலைப் பகுதியைப் பழைய காந்தளூர்ச்சாலையோடு இணைத்துச் சொல்வோர் பலர். அதன் இடம் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் சட்டர் எனப்பட்ட மாணவர் 95 பேருக்காக ஒரு சாலை அமைத்தபோது காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான். அங்கே இடம் பெறும் மாணவன் இலக்கணத்திலும் மீமாம்சையிலும் தேர்ச்சி உடையவனாக இருக்க வேண்டும் என்று அவனுடைய செப்பேடு விதிக்கிறது. மீமாம்சை தெரிந்தவன் என்றால் வாதம் செய்யத் தெரிந்தவன் என்று பொருள். வேத வாக்கியத்தின் பொருளை வாதித்து நிறுவுவதே அந்தச் சாத்திரத்தின் வேலை.

தமிழில் தருக்கப் பாடத்தின் பழைய வடிவம் மணிமேகலையில் இருக்கிறது. சேர நாட்டு வஞ்சியில் அளவைவாதி பத்து அளவைகளை (அறிவு பெறும் வழிகளை)ச் சொல்ல மணிமேகலை கேட்கிறாள். பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவற்றைக் காட்சி, கருத்து என இரண்டாகச் சுருக்கிக் கற்பிக்கிறார். கருத்தளவை ஐந்து உறுப்புகளாக இப்படி அமையும்: மலையில் நெருப்பு உண்டு (பக்கம்). புகை இருப்பதால் (ஏது). அடுக்களை போல (திட்டாந்தம்). இம்மலையும் புகையுடையது (உபநயம்). ஆகவே நெருப்புடையது (நிகமனம்). இந்த ஐந்தில் கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்பது அடிகளின் கருத்து. அடுத்து அவர் பிழைகளை எண்ணிக் காட்டுகிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. திங்நாகரின் மரபில் எழுந்த நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலின் பகுப்பும் இதுவே. ஒரு காப்பியம் தன் காதை ஒன்றைத் தருக்க வகுப்புக்கு ஒதுக்கியிருப்பதைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது இழப்பு.

கேரளத்தில், நாராயணீயம் பாடிய மேல்புத்தூர் நாராயண பட்டதிரி, மீமாம்சை அளவைகளை விளக்கி மானமேயோதயம் எழுதத் தொடங்கினார். அறியப்படும் பொருள்களைப் பற்றிய மேயப் பகுதியை இன்னொரு நாராயணர் முடித்தார். ஐந்து உறுப்பும் தேவையில்லை, முதல் மூன்றோ கடைசி மூன்றோ போதும் என்பது அந்நூல் சார்ந்த பாட்ட மீமாம்சைப் பிரிவின் நிலை. அந்தக் கடைசி மூன்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் விதி, அதன் பொருத்தம், முடிவு என்று அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதம் வந்து நிற்கும். ஆனால் வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. இந்திய மரபு அடுக்களையை விடுவதில்லை. விதிக்குச் சான்றாகக் கண்ணால் கண்ட ஓர் இடத்தைக் கேட்கிறது. அரிஸ்டாட்டிலுக்கு வடிவம் மட்டுமே போதும். மேற்கு மலையின் மறுபக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் (இறப்பு 1785) அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கி, இந்தப் பாடத்தை வடமொழி அறியாதவருக்கும் எட்டச் செய்தார்.

திருவனந்தபுரத்தில் 1834இல் தொடங்கிய அரசுப் பள்ளி 1866இல் மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி அதுதான். அக்காலத்து இந்தியக் கல்லூரிகளில் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலும் ஜெவன்ஸ் 1870இல் எழுதிய தொடக்கப் பாடநூலும் பரவலாக வழங்கின. இக்கல்லூரியில் படித்து, அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த ஹார்வியின் மாணவராகி, அவருக்குப் பின் தத்துவப் பேராசிரியரானவர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897). மனோன்மணீயம் (1891) அவருடைய புகழைத் தாங்கி நிற்கிறது. அதனாலேயே அவர் தத்துவ ஆசிரியர் என்பது பின்னுக்குப் போய்விட்டது. நூற்றொகை விளக்கம் என்ற உரைநடை நூலில் அவர் அறிவுத்துறைகளை வகுத்துக் காட்டினார். திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆராய்ச்சியிலோ தருக்கம் நேரடியாகவே வேலை செய்கிறது. கால்டுவெல் போன்றோர் சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தனர். அது உண்மையானால் அதற்கு முன் எழுதியவர்கள் அவரைக் குறிப்பிட்டிருக்க முடியாது, குறிப்பிட்டிருக்கிறார்கள், ஆகவே அது உண்மையல்ல. பின்விளைவை மறுத்து முன்கூற்றை மறுக்கும் இந்த வடிவம் எந்தத் தருக்க வகுப்பிலும் முதல் வாரப் பாடம்.

அதே வாரத்தில் அதன் போலியும் பாடமாகும். பெருமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கிறது. ஆகவே பெருமழை பெய்தது. கேட்பதற்குச் சரிபோல இருந்தாலும் இது செல்லாது, குழாய் உடைந்தும் தண்ணீர் நிற்கலாம். ஏது வேறிடத்திலும் காணப்படுவதால் வரும் இப்பிழையை மணிமேகலை அநைகாந்திகம் என்று வகைப்படுத்தும். முடிவு உண்மையாக இருந்தாலும் வாதம் செல்லாததாக இருக்கலாம் என்பதை மாணவர் மனம் ஏற்கத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. மற்றவை பயிற்சியால் வரும். முக்கூற்று வாதத்தில் 256 வடிவங்கள் அமையலாம். அவற்றில் மரபு ஏற்றவை 24. இல்லாத பொருள்களைப் பற்றிய கூற்றுகளையும் கணக்கில் எடுக்கும் இன்றைய தருக்கம் 15ஐ மட்டும் ஏற்கிறது. செல்லும் வடிவங்களுக்கு ஐரோப்பிய இடைக்கால ஆசிரியர்கள் பார்பரா, செலாரென்ட் என்று பெயரிட்டார்கள். தேமா என்ற வாய்பாடு தன் அசையமைப்பைத் தானே காட்டுவதுபோல, பார்பராவின் மூன்று உயிரொலிகளும் அதன் வடிவத்தைத் தாமே காட்டும்.

சொற்களை விட்டுக் குறிகளுக்கு மாறிய தருக்கத்தின் தொடக்கத்தில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. 1806இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்ற அகஸ்டஸ் டி மார்கன் 1847இல் தம் வடிவத் தருக்க நூலை வெளியிட்டார். ஜார்ஜ் பூலின் முதல் தருக்க நூலும் அதே ஆண்டில் வந்தது. ‘டீயும் உண்டு, காப்பியும் உண்டு’ என்பதை மறுத்தால் ‘டீ இல்லை அல்லது காப்பி இல்லை’ என்றாகும். இரண்டும் இல்லை என்றாகாது. இதுவே டி மார்கன் விதி. 1879இல் பிரெகே ‘எல்லாம்’, ‘சில’ என்பவற்றுக்கும் குறி வகுத்தபின் அரிஸ்டாட்டிலின் வடிவங்கள் ஒரு பெரிய முறையின் சிறு பகுதியாயின. இன்றைய மாணவர் முதலில் வரைவது கூற்றுகளின் மெய், பொய்ச் சேர்க்கைகளைக் காட்டும் மெய்யட்டவணை: கூற்று இரண்டானால் 4 வரிசை, மூன்றானால் 8.

இந்திய மரபுக்குத் தனி இடம் 1889இல் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரியில் கிடைத்தது. நெல்லைச் சீமையின் தருவையைச் சேர்ந்த த. கணபதி சாஸ்திரி 1905இல் தொடங்கிய திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் மானமேயோதயம் 1912இல் அச்சேறியது. யூனிவர்சிட்டி கல்லூரியும் சம்ஸ்கிருதக் கல்லூரியும் இன்று பாளையத்தில் அருகருகே நிற்கின்றன. இரு மரபுகளையும் ஒரே மேசையில் வைத்த பெருமுயற்சிகள் வெளியில் நடந்தன. ஹார்வர்டின் இங்கால்ஸ் 1951இல் நவ்ய நியாயம் என்னும் பிற்கால இந்தியத் தருக்கத்தைக் குறித்தருக்கத்தின் கண்கொண்டு ஆராய்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டால் அதே வழியில் நடந்தார்.

1937இல் தோன்றிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் தத்துவத் துறையும் சம்ஸ்கிருதத் துறையும் தமிழ்த் துறையும் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் காரியவட்டம் வளாகத்திலேயே உள்ளன. அறவண அடிகளின் போலிகளையும் பட்டதிரியின் மூன்று உறுப்புகளையும் மெய்யட்டவணையோடு சேர்த்துக் கற்பிக்கத் தேவையான ஆசிரியர்களும் நூல்களும் அங்கே நடை தூரத்திலேயே கிடைக்கும். அப்படியொரு கருத்தரங்கப் பாடத்துக்கு வேறு எந்த ஊரையும்விட இந்த ஊருக்கே உரிமை அதிகம்.