மோட்டார் சீக்கிரம் கிடைச்சது, மாஸ்க்குக்குத்தான் வருஷக்கணக்காச்சு: குறட்டை மிஷினோட கதை

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க வீட்டுல யாராவது குறட்டைக்குன்னு சிபாப் மிஷின் வாங்கி, நாலு நாள் போட்டுப் பார்த்துட்டு, பீரோ மேல ஏத்தி வெச்சிருந்தா அவசியம் படிங்க.

போன மாசம் ஓபி நடந்துட்டு இருக்கு. மங்கலம்பேட்டைக்காரர், லோடு லாரி ஓட்டுற பாய் ஒருத்தர், பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் பெஞ்சுல உக்காந்தபடியே தூங்கிட்டார். சாதாரணத் தூக்கம் இல்ல. குறட்டை ஏறுது, இன்னும் ஏறுது, திடீர்னு சத்தமே இல்ல. வரிசையில நின்ன ஒரு பாட்டி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்து போறதுக்குள்ள ஒரு பெரிய உறுமலோட மூச்சு திரும்ப வந்துடுச்சு. மூணு வகை மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 160/100.

கூட வந்த அவர் மனைவிகிட்ட விசாரிச்சேன். "பாண்டிச்சேரியில டெஸ்டெல்லாம் எடுத்தாச்சு சார். நகையை அடகு வெச்சு மிஷினும் வாங்கியாச்சு. அட்டைப்பெட்டியில பத்திரமா இருக்கு"ன்னாங்க. ஏன் போடலன்னு கேட்டா, லூசா கட்டினா காத்து கண்ணுல அடிக்குது, இறுக்கிக் கட்டினா மூக்குத்தண்டு புண்ணாகுது, குறட்டைக்குப் பதிலா ராத்திரி முழுக்க புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். "அதுக்கு இவங்க குறட்டையே தேவலைன்னு ஆயிடுச்சு சார்."

ரெண்டு வருஷம் முன்னாடி உளுந்தூர்பேட்டை ரோட்டுல ஓட்டிட்டு இருக்கும்போதே கண்ணசந்து, லாரி தார் ரோட்டை விட்டு எறங்கிடுச்சாம். கிளீனர் பையன் கத்தினதால உயிர் பிழைச்சது. அதுக்கப்புறம்தான் டெஸ்டுக்கே போயிருக்காங்க.

பாய் மேல தப்பு இல்ல. இந்த வைத்தியத்தோட வரலாறே 'ஓரத்துல காத்து லீக் ஆகுது'ங்கிற ஒரே பிரச்சினையோட வரலாறுதான். அதைத்தான் சொல்ல வர்றேன்.

முதல்ல நோயைப் பத்தி ரெண்டு வரி. தூங்கும்போது தொண்டைச் சதை தளருது. சிலருக்கு அது முழுசா மூடிக்கும். நெஞ்சு இழுத்துப் பார்க்குது, காத்து போகாது. ஆக்சிஜன் இறங்குது. மூளை பயந்துபோய் அரைகுறையா எழுப்பி விடுது. மூச்சு வருது, திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. ஒவ்வொண்ணும் 10 செகண்டுக்கு மேல. மணிக்கு 30 தடவைக்கு மேல இப்படி நின்னாலோ, ரொம்பக் குறைஞ்சாலோ தீவிர ஸ்லீப் ஆப்னியான்னு சொல்றோம். காலையில எழுந்தா அவங்களுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. 2023-ல வந்த 'குட் நைட்' படத்துல மணிகண்டன் விட்ட குறட்டைக்கு எல்லாரும் சிரிச்சோம். அதே 2023-ல வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, இந்தியாவுல உழைக்கிற வயசுல இருக்கிறவங்கள்ல சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம்னு கணக்குப் போட்டுச்சு. அது சிரிப்பு இல்ல.

இவ்வளவு பேருக்கு இருக்கிற நோயை டாக்டர்களுக்கு முன்னாடியே ஒரு நாவலாசிரியர் பார்த்துட்டார். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல எழுதின 'பிக்விக் பேப்பர்ஸ்'ல ஜோன்னு ஒரு குண்டுப் பையன் வருவான். நின்னுக்கிட்டே தூங்குவான், குறட்டை விடுவான். 1956-ல அமெரிக்க டாக்டர்கள் ஒரு வியாபாரியைப் பத்தி எழுதினாங்க. சீட்டாடும்போது மூணு ஏஸ், ரெண்டு ராஜா கையில வெச்சுக்கிட்டு, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்துல தூங்கிட்டாராம். அதனாலதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நோய்க்கு அந்த நாவல் பேரையே வெச்சாங்க. ஆனா தூக்கத்துல மூச்சு நிக்குதுங்கிறதை அவங்க கவனிக்கல. 1965-ல பிரான்சுலயும் ஜெர்மனியிலயும் தனித்தனியா ராத்திரி முழுக்க உக்காந்து பதிவு பண்ணினப்போதான் அது தெரிஞ்சுது.

தெரிஞ்சதும் வைத்தியம் என்ன? கழுத்துல ஓட்டை. 1969-லேர்ந்து டிரக்கியாஸ்டமிதான். அடைக்கிற தொண்டையைச் சுத்திப் போக, அதுக்குக் கீழ மூச்சுக்குழாய்ல துளை போட்டு ஒரு டியூப் வைக்கிறது. பகல்ல மூடி போட்டுப் பேசலாம், ராத்திரி தூங்கப்போகும்போது திறந்துக்கணும். நல்லா வேலை செஞ்சுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆயுசுக்கும் கழுத்துல துளையோட, சளி வழிய, குளத்துல இறங்கிக் குளிக்க முடியாம வாழணும். எத்தனை பேர் ஒத்துப்பாங்க?

1980 ஜூன். ஆஸ்திரேலியா, சிட்னி. கட்டிட வேலை செய்யற ஒருத்தருக்கு இதே ஆபரேஷன் சொல்லியிருந்தாங்க, அவருக்கு மனசில்ல. காலின் சல்லிவன்ங்கிற டாக்டர், 'மூக்கு வழியா கொஞ்சம் அழுத்தத்தோட காத்தை விட்டா, அந்தக் காத்தே தொண்டையைத் திறந்து வெச்சிருக்குமே, ஒரு ராத்திரி பார்க்கலாமா'ன்னு கேட்டார். இதுக்கு முன்னாடி கனடாவுல நாய்களோட தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ஞ்சவர் அவர். அந்தத் தொழிலாளி சரின்னார். அழுத்தத்தை ஏத்தின உடனே மூச்சு நிக்கறது நின்னுச்சு. குறைச்சா திரும்ப வந்துச்சு, ஏத்தினா போச்சு. சுவிட்சு மாதிரி. மனுஷன் அன்னிக்கு ராத்திரி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினார். 1981 ஏப்ரல்ல 5 நோயாளிகளோட விவரம் 'லான்செட்' இதழ்ல வந்துச்சு.

தேவைப்பட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 4.5-லேர்ந்து 10 சென்டிமீட்டர் தண்ணி. அதாவது ஒரு சொம்புத் தண்ணியில 10 செ.மீ. ஆழத்துக்கு ஸ்ட்ரா விட்டு, குமிழி வர எவ்வளவு ஊதணுமோ அவ்வளவுதான். இதே அளவுக் காத்துதான் குறைமாசக் குழந்தைகளையும் காப்பாத்துது. 1971-ல ஜார்ஜ் கிரிகரி அமெரிக்காவுல தொடங்கி வெச்சது. நம்ம அரசு ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தை வார்டுகள்ல பபிள் சிபாப்னு தண்ணிப் பாட்டில்ல குமிழி விட்டுக்கிட்டு இருக்குமே, அதுதான்.

காத்து ஊதற மோட்டாரும் புதுசு இல்ல. 1936-லயே லண்டன்ல பௌல்டன்னு ஒரு டாக்டர், இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தவங்களுக்கு வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வெச்சு ஊதிப் பார்த்திருக்கார். 44 வருஷம் முன்னாடி! ஆக மோட்டார் இருந்துச்சு. கஷ்டம் எங்கேன்னா, மோட்டாரும் மூஞ்சியும் சேர்ற இடத்துல.

அந்த முதல் ராத்திரிகள்ல சல்லிவன் ரெண்டு மெல்லிய குழாயை மூக்குத் துளைக்குள்ள வெச்சு, சுத்தி சீக்கிரம் இறுகிப்போற சிலிகான் கலவையை ஊத்தி அடைச்சார். ஒரு ராத்திரிக்கு சரி, வீட்டுக்கு எப்படி அனுப்புறது? அடுத்து ஒவ்வொரு நோயாளி மூக்குக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல அச்சு எடுத்தாங்க. விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைக்கு அச்சு எடுக்கறதைப் பார்த்திருக்கீங்களா, அதே மாதிரி. அந்த அச்சுல ஃபைபர்கிளாஸ் மாஸ்க் செஞ்சு, ராத்திரி ஆனா பசை தடவி மூக்குல ஒட்டிக்கணும், காலையில பிச்சு எடுக்கணும். தினமும்! அப்படியும் போட்டுக்கிட்டாங்க. ஏன்னா வருஷக்கணக்கா தூங்காதவங்களுக்குத் தூக்கம் கிடைச்சிருக்கு. ஆனா ஊருக்கெல்லாம் அச்சு எடுத்து ஒட்ட முடியுமா?

விடை மெல்லிய சிலிகான்ல கிடைச்சது. 1980-களோட நடுவுல மிஷின் கடைக்கு விற்பனைக்கு வந்துச்சு. அதுக்குப் பின்னாடிதான் இப்ப நாம பார்க்கிற குமிழி குஷன் மாஸ்க். இதோட சூட்சுமம் புரிஞ்சா பாதி சண்டை தீர்ந்துடும், அதனால நிதானமாப் படிங்க. மாஸ்க் ஓரத்துல பலூன் தோல் மாதிரி ஒரு மெல்லிய மடிப்பு இருக்கும். உள்ளேயிருந்து வர்ற காத்து அந்த மடிப்பை ஊதி, உங்க தோல் மேல ஒட்ட வைக்குது. அதாவது லீக்கை அடைக்கிறது காத்தேதான், ஸ்ட்ராப் இல்ல. நீங்க ஸ்ட்ராப்பை முறுக்கி இறுக்கினா அந்த மடிப்பு நசுங்கிச் சுருண்டுக்கும், ஊதி விரிய இடமே இருக்காது. சுருக்கம் வழியா இன்னும் லீக் ஆகும். லீக் ஆகுதேன்னு இன்னும் இறுக்குவீங்க. மூக்குத்தண்டுல புண்ணு வரும், நாலாம் நாள் பரண்.

இதை நான் புத்தகத்துல படிக்கல. நான் தூக்க மருத்துவ நிபுணரும் இல்ல, எம்பிபிஎஸ்தான். 2021 மே, கொரோனா ரெண்டாவது அலையில கத்துக்கிட்டேன். இதே வகை மாஸ்க்கை வார்டுல நாள் முழுக்கக் கட்டி விட்டோம். ஓரத்துல ஒழுகற ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனும் பக்கத்து பெட்டுக்குப் போக வேண்டியது. பயத்துல இறுக்கோ இறுக்குன்னு இறுக்கினேன். ரெண்டாம் நாள் ஒரு அம்மாவுக்கு மூக்குத்தண்டு கறுத்துப்போச்சு. சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க வந்து, எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்தை விட்டு லேசா முன்னாடி இழுத்து, திரும்ப உக்கார வெச்சாங்க. புஸ் சத்தம் நின்னுடுச்சு. எனக்கு வெட்கமா இருந்துச்சு.

மாஸ்க் சரியில்லன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு பெரிய ஆய்வு. 2016-ல வெளிவந்துச்சு, இந்தியா உட்பட 7 நாடுகள், 2,700-க்கு மேல நோயாளிகள். இதயநோயோ பக்கவாதமோ ஏற்கனவே வந்தவங்களுக்கு சிபாப் கொடுத்தா அடுத்த அட்டாக் குறையுமான்னு பார்த்தாங்க. குறையல. பேப்பர்ல 'மிஷின் வேஸ்ட்'னு செய்தி. ஆனா அவங்க ராத்திரிக்கு சராசரியா எவ்வளவு நேரம் போட்டாங்க? 3.3 மணி நேரம். பகல் தூக்கமும் குறட்டையும் குறைஞ்சுதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. அரை ராத்திரி போட்டதை வெச்சு முழு ராத்திரி போட்டா இதயத்துக்கு நல்லதான்னு சொல்ல முடியாதுங்கிறது என் கருத்து. இதுல நிபுணர்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம் இருக்கு.

சரி, பாய் கதைக்கு வருவோம். மிஷினை எடுத்துட்டு வரச் சொன்னேன். ஓபி முடிஞ்சப்புறம் ட்ரெஸ்ஸிங் ரூம் கட்டில்ல படுக்க வெச்சேன். இது முக்கியம்: உக்காந்து கட்டிப் பார்க்காதீங்க, படுத்தா முகச் சதை இடம் மாறும். மிஷினை ஓட விட்டுத்தான் மாட்டணும். எல்லா ஸ்ட்ராப்பையும் லூசாக்கி, லீக் நிக்கற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கமும் சமமா. ஸ்ட்ராப்புக்கு அடியில ரெண்டு விரல் போகணும்.

அவங்க வீட்டுல நடந்த இன்னொரு விஷயம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாஸ்க் முன்பக்கம் சின்னச் சின்னத் துளைங்க இருக்கும். அங்கேயும் காத்து வருதேன்னு அந்தம்மா பிளாஸ்திரி போட்டு அடைச்சிருக்காங்க. மக்களே, அது லீக் இல்ல. நீங்க விடற கெட்ட காத்து வெளியே போற வாசல் அது. எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க.

பாய்க்கு ஆனது என்னன்னா, தாடி. முழு முக மாஸ்க்கை வித்திருக்காங்க. தாடி மேல சிலிகான் எப்படி ஒட்டும்? தாடியை எடுங்கன்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். மூக்குத் துளையில மட்டும் உக்கார்ற சின்ன தலையணை மாதிரி மாஸ்க் இருக்கு, தாடியைத் தொடவே தொடாது. மாஸ்க்கை மட்டும் தனியா வாங்கலாம்ங்கிறதே அவங்களுக்குத் தெரியல. மூக்கடைப்பு இருந்ததால வாய் திறந்து தூங்கறார், அதுக்கு முதல்ல உப்புத்தண்ணி ஸ்ப்ரே, மிஷின்ல ஈரப்பதம் கொடுக்கற தொட்டி. அப்படியும் வாய் வழியா காத்து போனா வேற வழி பார்க்கணும், வாயை டேப் போட்டு ஒட்டற யூடியூப் வைத்தியம் வேண்டாம். அப்புறம் நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு: படுக்கப்போகும்போது முகத்துல தேங்காய் எண்ணெய், பவுடர். ரெண்டுமே மாஸ்க்கை வழுக்கும். முகம் கழுவிட்டு மாட்டுங்க, குஷனையும் தினம் சோப்புத்தண்ணியில கழுவுங்க. சில மாசத்துல குஷன் தொளதொளன்னு ஆயிடும், அப்ப மாத்தணும்.

வாங்கும்போது கவனிக்க இன்னொண்ணு. காந்தக் கிளிப் வெச்ச மாஸ்க்குகள் இருக்கு, மாட்ட சுலபம். ஆனா பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு அந்தக் காந்தம் ஆபத்தாகலாம்னு 2022 செப்டம்பர்ல பிலிப்ஸ் கம்பெனியே எச்சரிக்கை விட்டுச்சு. பக்கத்துல படுக்கறவங்களுக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும். 2021 ஜூன்ல அதே கம்பெனி மிஷினுக்குள்ள இருக்கிற ஃபோம் உதிருதுன்னு உலகம் பூராவும் திரும்பப் பெற்றது. பழைய மிஷின் கைமாத்தி வாங்கறவங்க மாடல் நம்பரைப் பார்த்துட்டு வாங்குங்க.

மூணு வாரம் கழிச்சு நேத்து பாய் வந்தார். மிஷின்ல காட்டற லீக் அளவு இறங்கியிருக்கு, ராத்திரிக்கு 5 மணி நேரம் போடறார். முதல் வாரம் ரெண்டு தடவை கோவத்துல கழட்டி வீசினதையும் அவரே சொன்னார். பிரஷர் இன்னும் முழுசா அடங்கல, மாத்திரை தொடருது. இந்தத் தடவை பெஞ்சுல தூங்கல. "வீட்ல சரி சார், லைனுக்குப் போனா கேபின்லதானே படுக்கணும், அங்க எப்படிப் போடுறது?"ன்னு கேட்டார். நெய்வேலி பக்கத்துலயே இருந்தும் எங்களுக்கு வீட்லயே கரண்ட் போகும், லாரியில எங்கே போறது! அதுவரைக்கும் நைட் டிரைவிங் வேண்டாம்னு கறாரா சொல்லியிருக்கேன். லாரி பேட்டரி 24 வோல்ட், அதுல இந்த மிஷினை ஓட்ட கன்வெர்ட்டர் தேடிக்கிட்டு இருக்கோம். கடலூர், விருத்தாசலம் பக்கம் யாராவது மாட்டிப் பயன்படுத்தறீங்கன்னா கமெண்ட்ல சொல்லுங்க, அவர்கிட்ட காட்டறேன்.