தேக்கு ரயில்பெட்டிகளும் மாதிரிகளில் மரவரித் தீட்டலும்

மரவரித் தீட்டல் என்பது உலோகம், நெகிழி போன்ற பரப்புகளில் மரத்தின் நிறத்தையும் வரிகளையும் வண்ணத்தால் உருவாக்கும் முறையாகும். மாதிரி ரயில் கலையில் இம்முறை, இங்கிலாந்தின் லண்டன் மற்றும் வடகிழக்கு ரயில்வேயின் தேக்குப் பெட்டிகளோடு நெருங்கிய தொடர்புடையது.

வரலாறு

1923 முதல் 1947 வரை இயங்கிய இந்நிறுவனத்தின் பல பயணிகள் பெட்டிகளை நைஜல் கிரெஸ்லி வடிவமைத்தார். எஃகு அடிச்சட்டத்தின் மேல் தேக்கு உடல் அமைக்கப்பட்டது. ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும் தேக்குக்கு வண்ணப்பூச்சு தேவைப்படவில்லை. வார்னிஷ் மட்டுமே பூசப்பட்டது. ஆங்கிலத்தில் தேக்கைக் குறிக்கும் 'டீக்' என்ற சொல், மலையாளத் 'தேக்கு' போர்த்துக்கீசிய மொழி வழியாகச் சென்று உருவானது.

கிரெஸ்லி 1941இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் தாம்சன், 1945 முதல் எஃகுத் தகடு போர்த்திய பெட்டிகளை அறிமுகப்படுத்தினார். பழைய பெட்டிகளோடு ஒத்துப்போக வேண்டி, அந்த எஃகின் மீது தேக்கு வரிகள் தூரிகையால் வரையப்பட்டன. ஆகவே மரத்தைப் போலத் தீட்டும் வேலை மாதிரிகளில் மட்டுமன்றி உண்மையான ரயிலிலும் நடந்தது. 1948இல் பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமையானது. அதன்பின் சிவப்பு, பாலேட்டு நிறங்கள் வந்தன. தேக்குத் தோற்றம் படிப்படியாக மறைந்தது.

மாதிரிகள்

மெக்கானோ நிறுவனம் 1938இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்லோ வரிசையில், தேக்குத் தோற்றம் தகரத்தின் மேல் அச்சிடப்பட்டது. கையால் தீட்டுவோர் வேறு வழியைக் கையாள்கின்றனர். முதலில் வெளிர் மஞ்சள் கலந்த செம்மண் நிறம் பூசப்படுகிறது. அது காய்ந்தபின், மெல்லியதாகக் கலந்த பழுப்பு எண்ணெய் வண்ணம், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் பலகையின் வரியோட்டத் திசையில் இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு பலகைக்கும் நிறம் சற்றே மாற்றப்படுகிறது. இறுதியில் பூசும் வார்னிஷ் அனைத்தையும் ஒன்றிணைக்கிறது.

அளவுச் சிக்கல்

பிரிட்டனில் பரவலான 1:76 அளவில் ஓர் அடி 4 மில்லிமீட்டராகிறது. 61 அடி 6 அங்குல நீளப் பெட்டி 246 மில்லிமீட்டராகச் சுருங்கும். மரத்தில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள வரி, மாதிரியில் 0.013 மில்லிமீட்டராகும், அது கண்ணுக்குத் தெரியாது. வரிகளைத் தெளிவாக வரைந்தால் பெட்டி பொம்மையாகிவிடும். சில அடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு உண்மையான பெட்டியில் தெரிவது வரியை விடப் பலகைக்குப் பலகை மாறும் நிறமே. எனவே தேர்ந்த கலைஞர்கள் வரியைக் குறைத்து, நிற வேறுபாட்டுக்கு முதன்மை தருகின்றனர்.

இன்றைய நிலை

அக்காலப் புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில் உள்ளதால் அவற்றிலிருந்து நிறத்தை அறிய இயலாது. செவர்ன் வேலி ரயில்வே முதலான மரபு ரயில் பாதைகளில் பேணப்படும் தேக்குப் பெட்டிகளே மாதிரிக் கலைஞர்களுக்கு நேரடிச் சான்றாக விளங்குகின்றன.