சோலருக்கு இன்னொரு பற்றரி: கடன்பட முன் ஒரு கணக்கு

"ஒரு பற்றரி விடியும்வரை தாங்குதில்லை. இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தால் சரிதானே?"

மீள்குடியேறிய கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, காணி, வீட்டுத்திட்டம் எல்லாம் பேசி முடிந்தபிறகு என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. மின்கம்பம் வந்து சேராத காணிகள், கடற்கரை வாடிகள், தோட்டக் கொட்டில்கள் எங்கும் இதைக் கேட்டிருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது இன்வேட்டர் பூட்டிய பட்டணத்து வீட்டுக்காரரும் இதையேதான் கேட்கிறார்கள். சரி என்று உடனே சொல்லிவிட முடியாது. பல வீடுகளில் இரண்டாவது பற்றரி பணத்தை விழுங்குகிறது. சில வீடுகளில் முதலாவதையும் சேர்த்துக் கொல்கிறது.

பற்றரி எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரிகூட அடங்கியிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறை அது. வன்னியில் உழவு இயந்திரத்துப் பற்றரியில் ரி.வி. ஓடியது. பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுப்பதே சிலருக்குத் தொழிலாக இருந்தது. கிடைத்த எதையும் வேலை செய்ய வைக்கலாம் என்ற கெட்டித்தனம் அப்போது கைவந்தது. ஆனால் வேறு வழியில்லாமல் செய்தபோது அந்தப் பற்றரி எத்தனை மாதத்தில் செத்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்று தவணைக்கு வாங்கும்போது அந்தக் கணக்குத்தான் முக்கியம்.

முதலில் வகை. வெளிநாடுகளில் படுக்கையும் சமையலறையும் வைத்து ஓடுகிற வாகனங்கள் இருக்கின்றன. மோட்டார் வீடு என்பார்கள். அவற்றில் எஞ்சினை இயக்க ஒரு பற்றரியும், விளக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வேறொரு பற்றரியும் இருக்கும். இரவில் வீட்டுப் பாவனை எஞ்சின் பற்றரியை இறக்கிவிடாதபடி இரண்டையும் பிரித்தே வைப்பார்கள். வாகன பற்றரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரம்புவதற்காகச் செய்யப்பட்டவை. இரவு முழுக்க மெதுவாக இறக்கினால் சீக்கிரம் பழுதாகும். வீட்டுக்குத் தேவை தடித்த தகடுள்ள பற்றரி. கடையில் 'சோலர் பற்றரி' அல்லது 'டீப் சைக்கிள்' என்று கேட்க வேண்டும்.

இனிக் கணக்கு. மூன்று 7 வாற் எல்.ஈ.டி. பல்ப் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 105. 40 வாற் மேசை ஃபான் ஏழு மணித்தியாலம், 280. 50 வாற் ரி.வி. மூன்று மணித்தியாலம், 150. மூன்று தொலைபேசிக்குச் சுமார் 45. மொத்தம் 580 வாற் மணித்தியாலம். இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 650ஐத் தாண்டும். 12 வோல்ற், 100 ஏ.எச். பற்றரியில் இருப்பது 1200. அசிட் பற்றரி நீண்டகாலம் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதாவது 600. எனவே ஒரு பற்றரி போதாது என்பது உண்மைதான்.

ஆனால் அந்த 650 எங்கிருந்து வருகிறது? 100 வாற் பனல் ஒன்று எங்கள் வெயிலில் நல்ல நாளில் சுமார் 400 வாற் மணித்தியாலம் தரும். கார்த்திகை, மார்கழி மாரியில் அதிலும் குறையும். வரவு 400, செலவு 650. இரண்டாவது பற்றரியை வைத்தால் இந்த இடைவெளி மாறாது. தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் கிணறு கூடச் சுரக்குமா? பாதி நிரம்பிய நிலையிலேயே கிடக்கும் அசிட் பற்றரியின் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் சிறுகடை நடத்தும் பெண் ஒருவருக்கு நடந்தது இதுதான். யுத்தத்தில் கணவரை இழந்தவர். நுண்கடன் எடுத்து இரண்டாவது பற்றரி வாங்கினார். கூரையில் இருந்தது அதே 100 வாற் பனல்தான். மாரி முடியும்போது இரண்டுமே படுத்துவிட்டன. "பற்றரி போய்ட்டுது, தவணை போகேல்லை" என்றார். விற்றவர் பனல் எத்தனை வாற் என்று கேட்கவே இல்லையாம். எனக்கு இதில் கோபம் வருவது அந்த இடத்தில்தான். அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு மல்ரிமீற்றரை இரவல் வாங்குங்கள். பொழுதுபட்டபின் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் விட்டு அளந்து பாருங்கள். 12.7 வோல்ற் என்றால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. நல்ல வெயில் நாட்களிலும் மாலையில் 12.3 அளவில்தான் நிற்கிறதென்றால், பற்றரி நிரம்பவே இல்லை. பெரும்பாலும் தேவைப்படுவது இன்னொரு பனல். பனலில் நிழல் விழுகிறதா, தூசு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாலையில் நிரம்பியிருந்து, விடியும்போது 12 வோல்ற்றுக்குக் கீழே போனால்தான் பற்றரியைக் கூட்டுவதில் பொருள் இருக்கிறது. பனலைக் கூட்டினால் கொன்றோலரையும் கவனிக்க வேண்டும். இரண்டு 100 வாற் பனலுக்கு 10 அம்பியர் கொன்றோலர் காணாது. 20 அம்பியர் வேண்டும்.

பற்றரிதான் தேவை என்று தெரிந்தால், பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். ஒரே வகை, ஒரே ஏ.எச்., ஏறக்குறைய ஒரே வயது இருக்க வேண்டும். நலிந்தது நல்லதையும் இழுத்து விழுத்தும். இருப்பது ஓரிரு வருடம் உழைத்ததென்றால் அதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குவது நல்லது. இரண்டு 12 வோல்ற் பற்றரிகளில் பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸ்ஸோடு மைனஸ்ஸும் சேர்த்தால் 12 வோல்ற்றே இருக்கும், ஏ.எச். இரட்டிக்கும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸ்ஸோடு சேர்த்து மிச்ச இரு முனைகளிலும் எடுத்தால் 24 வோல்ற் வரும். 12 வோல்ற் இன்வேட்டர் எரிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வயர்களில் பிளஸ்ஸை முதல் பற்றரியிலும் மைனஸ்ஸை இரண்டாவதிலும் எடுங்கள். இரண்டையும் ஒன்றிலேயே எடுத்தால் அதுதான் கூடுதலாக உழைத்து முந்திப் பழுதாகும்.

பியூஸை மட்டும் தவிர்க்க வேண்டாம். 1000 வாற் இன்வேட்டர் முழுப் பாரத்தில் 12 வோல்ற் பற்றரியிலிருந்து 90 அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் அதைத் தாங்காது. கிடுகுக் கூரையில் அதன் முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. தடித்த வயர் போட்டு, ஒவ்வொரு பற்றரியின் பிளஸ் முனைக்கும் கிட்ட ஒரு பியூஸ் வையுங்கள். வேலை செய்யும்போது மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி பற்றியும் கேட்கிறார்கள். விலை கூட. ஆனால் 80 வீதத்துக்கு மேல் எடுக்கலாம், பாரம் பாதிக்கும் குறைவு, பல வருடம் உழைக்கும். கையில் பணம் இருப்பவர்களுக்கு என் தெரிவு அதுவே. கொன்றோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும். அசிட் பற்றரியோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஹைபிரிட் கார்களில் கழற்றிய பற்றரித் தொகுதியை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அது நூறு வோல்ற்றுக்கு மேற்பட்டது, ஆளைக் கொல்லும்.

பற்றரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியது. தகரக் கூரைக்கு நேர்கீழேயும் வேண்டாம். வெப்பம் 10 பாகை கூடினால் அசிட் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான், அசிட் அல்ல. பழையதை உடைத்து அசிட்டை வளவுக்குள் ஊற்றவும் வேண்டாம். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதுதான்; அந்த அசிட்டில் ஈயமும் இருக்கும். பழைய பற்றரிக்குக் கடையில் ஈயத்தின் விலை கிடைக்கும். புதியதன் விலையில் அதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். உற்பத்தித் திகதியையும் பாருங்கள். பல மாதம் கடையில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பற்றரி புதியதல்ல.