கடலின் மேல்-கீழ்ச் சுழற்சியை அளந்த வரலாறு

அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்பரப்பில் வெதுவெதுப்பான நீர் வடக்கே பாய்கிறது. கிரீன்லாந்து, நார்வே பக்கம் சென்றதும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, கீழே இறங்கி, ஆழத்தின் வழியாகத் தெற்கே திரும்புகிறது. இதுவே மேல்-கீழ்ச் சுழற்சி. இதன் அலகு சுவெர்ட்ரப்; ஒரு சுவெர்ட்ரப் என்பது நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் நீர்.

இதை முதலில் கப்பலில் சென்றே அளந்தனர். கரையிலிருந்து எதிர்க்கரை வரை ஆங்காங்கே நின்று, கருவியை இறக்கி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் குறிப்பார்கள். 25 பாகை வட அட்சத்தை ஒட்டி 1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் எடுத்த அளவுகளை ஹாரி பிரைடன் குழுவினர் ஒப்பிட்டனர். சுழற்சி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். ஐரோப்பா உறைந்துபோகும் என்ற பேச்சு எழுந்தது.

அதற்கு முன்பே, 2004இல், 26.5 பாகை வட அட்சத்தில் 'ராபிட்' என்னும் கருவி வரிசை நிறுவப்பட்டிருந்தது. கடலடியில் நங்கூரமிட்டு நிமிர்த்திய நீண்ட கம்பிகளில் கருவிகள் கோக்கப்பட்டன. இரு கரைகளின் நீர் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு நடுவில் பாயும் நீரைக் கணக்கிடலாம். புளோரிடா நீரிணையில் ஓடும் நீருக்கோ பழைய தொலைபேசிக் கம்பி ஒன்றே போதுமானதாக இருந்தது. உப்புநீர் பூமியின் காந்தப்புலத்தில் நகரும்போது கம்பியில் சிறு மின்னழுத்தம் உண்டாகும். 1982இல் அதை அளக்கத் தொடங்கினர். கைவிட்ட கம்பிக்கு இப்படியொரு மறுவாழ்வு!

முதலாண்டு முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரே ஆண்டுக்குள் சுழற்சி 4 முதல் 35 சுவெர்ட்ரப் வரை ஏறி இறங்கியிருந்தது. முந்தைய ஐந்து அளவுகளும் இந்த வீச்சுக்குள் அடங்கின. கோடையில் ஆம்பூரில் பாலாற்று மணலைப் பார்த்தவரும், 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டதைப் பார்த்தவரும் சொல்வது ஒன்றாக இருக்குமா? அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பிரைடனும் ஒருவர் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் மாற்றமே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. 2009-10இல் சுழற்சி உண்மையாகவே சுமார் 30 விழுக்காடு சரிந்தது. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் சராசரியும் முன்பைவிடத் தாழ்ந்தது.

இந்தியப் பெருங்கடலில் சிக்கல் வேறு. வடக்கே ஆசியா அடைத்து நிற்கிறது. பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. நீரோட்டங்களும் கூடவே திரும்புகின்றன. 1959-65இல் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப்பயணத்தில் இந்தியாவின் 'கிஸ்ட்னா' கப்பலும் பங்கேற்றது. அதன் தரவுகளைக் கொண்டு கிளாஸ் விர்ட்கி 1971இல் பெரிய நிலப்படத் தொகுதி வெளியிட்டார். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966இல் தோன்றியதற்கும் இந்தப் பயணமே காரணம். அந்நிறுவனம் 2000 முதல் நிலநடுக்கோட்டுப் பகுதியில் நங்கூரக் கருவிகளை வைத்து வருகிறது. சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளைப் பராமரிக்கிறது. 'ஆர்கோ' மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை மூழ்கி எழுகின்றன. எனினும் கரைக்குக் கரை நிற்கும் வரிசை இங்கு இல்லை. 2000 மீட்டருக்குக் கீழே நடப்பதற்கு இன்னும் பெரிதும் கப்பல் அளவுகளையே நம்ப வேண்டியுள்ளது.