கூட யாரு?

1980களின் நடுவில் அரூர், பென்னாகரம் பக்கத்து வீடுகளில் ‘பொண்ணைத் தனியா ஓசூருக்கு அனுப்பலாங்களா?’ என்று கேட்டார்கள். இன்று ஓசூர் வீடுகளில் ‘ஜெர்மனிக்கு அனுப்பலாங்களா டீச்சர்?’ என்று கேட்கிறார்கள். பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். நல்ல ஊரா, கெட்ட ஊரா என்று விசாரித்துப் பயனில்லை. தனியாக வந்து இறங்கும் பெண்ணுக்கு அந்த ஊர் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று விசாரியுங்கள்.

தனியே போகும் பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நம் பக்கத்தில் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. அடைத்து வைத்தார்கள், போகாதே என்று தடுத்தார்கள், அபூர்வமாக, போகிற இடத்தைத் தயார் செய்தார்கள்.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன் தர்மபுரி மாவட்டம். 1965க்கு முன் எல்லாமே சேலம் ஜில்லா. பஞ்சம் வந்தபோதெல்லாம் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்த தோட்டங்களுக்கும் ஆட்களை அனுப்பிய ஜில்லா அது. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. பின்னால் ஃபிஜி வரைக்கும் கப்பல்கள் போயின. தோட்ட முதலாளிகள் கேட்டது ஆண் கூலிகளைத்தான். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று அரசாங்கம் விதித்திருந்ததால், எண்ணிக்கையை நிரப்பப் பெண்களும் தேவைப்பட்டார்கள். விதவைகளையும் கணவன் கைவிட்டவர்களையும் கங்காணிகளும் ஏஜெண்டுகளும் தேடிப் பிடித்தார்கள். நம் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குத் தனியாகப் போன முதல் பெண்கள் பெரும்பாலும் இவர்கள்தான். போகும் இடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

அவர்களுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. துறைமுகத்து டிப்போவில் அடைத்து வைத்துப் பெயர் பதிந்தார்கள். கப்பலில் தனி ஆண்களுக்கு முன்பகுதி, குடும்பங்களுக்கு நடுப்பகுதி, தனிப் பெண்களுக்குப் பின்பகுதி என்று பிரித்தார்கள். மேற்பார்வைக்குக் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற அதிகாரி இருந்தார். ஆனால் அந்தப் பூட்டெல்லாம் கப்பலோடு சரி. இறங்கிய பிறகு தோட்டத்து லயத்தில் யாரிடம் முறையிடுவது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. 1917இல் இந்த ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நின்றது. பாதுகாவலர் பதவி மட்டும் நிற்கவில்லை. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்திலும் அதே பெயரில் தொடர்கிறது.

அடுத்தது தடுப்பது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்றது. வெளிநாடு என்றால் இன்னொரு தடை. பத்தாம் வகுப்பு தேறாத பெண், 30 வயது நிறையாமல் சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அந்த நாடுகளில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் விதி வந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது விதியைப் பார்த்து யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. சுற்றுலா விசாவில் ஏற்றிவிட ஒரு ஏஜெண்ட் எப்போதும் இருப்பான். அப்படிப் போனவள் அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு சங்கடம் என்றால் அவளைத் தேடுவதும் கஷ்டம். ஒன்பதாவதோடு நின்றுவிடுகிறேன் என்ற எத்தனையோ மாணவிகளிடம் இந்த விதியை விளக்கி, பத்தாவதை முடிக்க வைத்திருக்கிறேன். என் பாடத்தில் வேறெதற்கும் அவ்வளவு உடனடிப் பலன் இருந்ததில்லை.

மூன்றாவது வழி பழையதுதான். 1855இல் லண்டனில், கிரிமியப் போருக்குப் போய்வரும் செவிலியர்கள் தங்குவதற்கு விடுதி வைத்தார்கள். இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கமான ஒய்டபிள்யூசிஏ அங்கிருந்து வளர்ந்தது. 1924இல், சென்னை பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த தலசேரிக்காரி ஈ.கே. ஜானகி அம்மாள், பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போனார். அந்த உதவித்தொகை ஆசியப் பெண்களுக்கென்றே ஏற்பட்டது. தங்குவதற்கு மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதி இருந்தது. அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். துணிச்சலோடு ஒரு அறையும் அங்கே காத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஓசூருக்கு இந்த மூன்றாவது வழி கம்பெனிகளோடு வந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை. 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும். 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனி. நான் இங்கே மாற்றலாகி வந்ததும் அந்தக் காலத்தில்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ‘கூட யாரு?’ என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் வீடு ஏற்கெனவே பேசி முடித்ததாகிவிடும். கடைசியில் சந்திரசூடேசுவரர் மலையடிவாரத்தில் கன்னடம் பேசும் ஒரு பாட்டி பின்கட்டு அறையைக் கொடுத்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வர நேரமாகும் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று வெளிநாடு போகும் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் விதி அதுதான். நீ வந்து சேரவில்லை என்றால் அன்றைக்கே கவனிக்கிற ஒரு ஆள் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

டைட்டன் பள்ளி முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு ஊர்களிலிருந்து வேலைக்கு எடுத்தபோது, ஆணும் பெண்ணுமாக வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை. கம்பெனி வீடுகளை ஏற்பாடு செய்து, அந்தப் பிள்ளைகளோடு இருந்து கவனிக்க வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தியது. வங்கிக் கணக்கு திறப்பது முதல் கடைகண்ணிக்குப் போய்வருவது வரை பழக்கினார்கள். அரூர்ப் பக்கத்து அப்பாக்களின் கேள்விக்கு இதுதான் பதிலாக அமைந்தது. இன்னொரு பக்கம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் தர்மபுரி. சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கும் வங்கிக்கும் என்று பெண்கள் டவுனுக்கு பஸ் ஏறினார்கள். மாலை ஷிப்ட் விட்டதும் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் பஸ்ஸுக்கு நின்ற பிறகுதான் தனியாக நிற்கும் ஒருத்தியை ஊர் முறைத்துப் பார்ப்பது குறைந்தது.

தடுப்பதைவிடத் தயார் செய்வதுதான் வழி என்பதைச் சட்டமும் பிற்பாடு ஒப்புக்கொண்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த 66ஆவது பிரிவின் இரவுத் தடையை ரத்து செய்தது. வெறுமனே திறந்துவிடவில்லை, நிபந்தனைகள் விதித்தது. பெண்களைக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாகத்தான் இரவு வேலைக்கு வைக்க வேண்டும், வீட்டிலிருந்து வண்டி வசதி வேண்டும், காவல் வேண்டும். தடை சொன்னது ‘நீ வராதே’ என்று. தீர்ப்பு முதலாளியைப் பார்த்து ‘அவள் வருவாள், நீ தயார் செய்’ என்றது.

வண்டி மட்டும் போதாது என்பதை 2005 டிசம்பரில் பெங்களூரு காட்டியது. கால் சென்டரில் இரவு வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண்ணை, கம்பெனி வண்டி என்று சொல்லி அழைத்துப் போன டிரைவர் கொன்றான். வண்டியில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் பெண்ணாக இருக்கக்கூடாது என்ற நடைமுறை அதன்பின் கம்பெனிகளில் வலுத்தது. எங்கள் பிள்ளைகள் பலர் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போனதால் இந்த விதி ஓசூர் வீடுகளிலும் மனப்பாடம்.

எங்களைப் போல் கர்நாடக எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பத்திரமான ஊர் என்பது எப்போதைக்குமாகக் கிடைக்கும் பட்டம் இல்லை. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரத்தில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. தினமும் போய்வந்த கல்லூரிப் பெண்கள், பஸ் ஓடாததால் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் இறங்கி நம் பக்கத்து ஜூஜூவாடி வரை பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். காலையில் பழகிய ஊர், மாலையில் அந்நிய தேசம். ஆகவே போகும் ஊரைவிட்டுத் திரும்ப இரண்டாவது வழி ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குப் பணம் தனியாக இருக்க வேண்டும். தூதரகத்தின் தொலைபேசி எண் காகிதத்திலும் இருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு சிங்கப்பூருக்குத் தனியாகப் போனேன். இரவில் தனியே நடக்கப் பயமா என்று உலகம் முழுக்க கேலப் நிறுவனம் கேட்கும் கணக்கெடுப்பில், பயமில்லை என்பவர்கள் மிகுந்த நாடுகளின் வரிசையில் சிங்கப்பூர் உச்சியில் இருக்கும். பெண்களின் நிலையைப் பார்த்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலும் இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறது. 2023இல் 177 நாடுகளில் டென்மார்க் முதலிடம், இந்தியா 128. பட்டியல்கள் உதவும், ஆனால் அவை நாட்டைச் சொல்லும், தெருவைச் சொல்லாது. நான் பார்த்தது வேறு: விடிந்த பிறகு இறங்கும் விமானம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை, இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் நடமாடும் செராங்கூன் சாலை. அங்கே எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. பயணத்தில் பயந்த பகுதி பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே இருந்த எழுபதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர்தான். 2008 மே மாதம் வரை விமான நிலையம் எச்ஏஎல்லில், நமக்கு நெருக்கமாக இருந்தது. இப்போது ஊரின் மறுகோடி. வெளிநாட்டைத் துருவித் துருவி விசாரிப்பவர்கள், நள்ளிரவில் வீடு திரும்பும் வழியை யோசிப்பதில்லை.

ஜெர்மனிக்குக் கிளம்பும் பெண்ணிடமும் இதையேதான் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தை ஒட்டிய மாணவர் விடுதியில் இடம் உறுதியான பிறகு டிக்கெட் போடு. வரிசை நீளம், அட்மிஷன் வந்த அன்றே விண்ணப்பி. அங்கே வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 116016 என்ற எண் இரவு பகலாக, ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் பேசும்; அதைப் போனில் பதிந்துகொள். பாஸ்போர்ட்டுக்கு இப்போது கல்யாணச் சான்றிதழ் கேட்பதில்லை. தாய் பெயர் மட்டும் இருந்தாலும் போதும். 2016 கடைசியில் வந்த மாற்றம் இது. புருஷனை விட்டு விலகி வாழும் என் பழைய மாணவிகள் சிலருக்கு இது கதவைத் திறந்துவிட்டது.

இதற்கிடையில் ஓசூரே பிறருக்குத் தூரதேசம் ஆகிவிட்டது. 2022 நவம்பரில், ஓசூர் அருகே வரும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹஜாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்று மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் சொன்னார். அப்படி வந்த பெண்கள் எங்கள் தெரு முனைக் கடையில் இப்போது சைகையில் சோப்பு வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஷிப்ட் பஸ் பிரதான சாலையில் இறக்கிவிட்ட பிறகு உள்ளே நடக்கும் சந்தில் வெளிச்சம் எப்படி, இரவில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர்கள் மொழியில் பதில் வருமா? மற்ற நாடுகளிடம் கேட்கச் சொல்லி நான் கற்றுக்கொடுத்த கேள்விகள்தான். இவற்றுக்கு நம் ஊரும் பதில் வைத்திருக்க வேண்டும். இனி இங்கே புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போது, பெண்கள் விடுதிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள தூரத்தையும் சேர்த்தே அளக்கட்டும்.